அந்தப் பெண்ணுக்காக உடைக்க வேண்டிய பல்பு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை பழைய பேட்டரிக் கட்டைகளைத் தரம் பிரித்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு கிழிந்த போர்வையை விரித்து அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்தாள். டார்ச்சிலிருந்து எடுத்தவை, ரேடியோவிலிருந்து எடுத்தவை, பொம்மை வயிற்றிலிருந்து பிடுங்கியவை. அவளிடம் ஆசிரியர் பயிற்சி படிக்கும் பெண்கள் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள்.

நான் மின்மீட்டர்களைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன்.

"அத உள்ள வைடி."

"ஒரு நொடியில சொல்லிடும்மா, எதுல எத்தன வோல்ட்னு."

"மூணாங்கிளாஸ் பிள்ள பையில மீட்டர் இருக்குமா? பல்புதான் இருக்கும். பல்ப வச்சுப் பாரு."

ஒரு டார்ச் பல்பு, ஒரு முழ ஒயர். நன்றாக எரிந்தால் வலது பக்கக் குவியல். மங்கலாக எரிந்தால் நடுவில். எரியாவிட்டால் இடது பக்கம். குவியல்களுக்கு அம்மா பேரும் வைத்திருந்தாள். வலது பக்கம் வேலைக்குப் போறவன். நடுவில் சம்பந்தி வீட்டுக்கு வந்தவன். இடது பக்கம் போய்ச் சேர்ந்தவன்.

"இவன் இப்பதான் போயிருக்கான் பாவம்" என்று ஒரு கட்டையைத் தடவிப் பார்த்து இடது பக்கம் வைத்தாள். "நேத்து வந்திருந்தா பொழச்சிருப்பான்."

அடுத்த வாரம் அம்மா இறந்துவிட்டாள். காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. இதயம். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை.

அந்தக் கட்டைகளைப் பற்றி எழுத வேண்டும். அவை ஒரு சிறுமிக்காக. ஒரு வகுப்பில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அம்மா அவளைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் கத்தலால் வேறொருத்தியின் வேலை போக இருந்தது. வேலையை அம்மாவால் மீட்க முடிந்தது. சிறுமிக்குச் சொல்ல வேண்டிய பதில் பாக்கி.

அம்மாவின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுப்பது. அவளுடைய அறை தரைத்தளத்தில், கழுவு தொட்டிக்கும் சாமான் அறைக்கும் நடுவில். குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள்தான் போட்டிருப்பாள். வளர்ந்த பெண்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள். அதில் மகா குறும்பு அம்மாதான்.

"மிஸ், மிஸ்! இவ என் ரப்பரத் தின்னுட்டா!"

"மிஸ், மண்புழுவ ரெண்டா வெட்டினா ரெண்டுக்கும் வலிக்குமா?"

முன்னால் நிற்பவள் "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றாலோ, "இப்படியெல்லாம் கேக்கக்கூடாது" என்றாலோ, பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும். சிலர் ஒரே பாடத்தை அழுதுகொண்டே திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறார்கள். அம்மா இரங்க மாட்டாள். தெரியாத கேள்வி வந்தால் சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான். பாத்துடலாம். தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடலாம், வெயிலில் வைத்துப் பார்த்துவிடலாம், பிரித்துப் பார்த்துவிடலாம். கொட்டாவி போலத் தானாக வாயிலிருந்து வர வேண்டும் என்பாள். யோசித்துச் சொன்னால் அதற்குள் பிள்ளையின் முகம் சுருங்கிவிடுமாம். கல்லூரியில் அவளுக்கு அதுவே பெயர். பாத்துடலாம் டீச்சர்.

அந்த வருடத்து வகுப்பில் ஒருத்திக்குத் தையலக்கா என்று பெயர். மற்ற பெண்களைவிட வயதில் மிக மூத்தவள். பல வருடங்கள் வாடகைக் கடையில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்தவள். வேலைக்கான வயது வரம்பு அவளுக்கு அந்த ஆண்டோடு முடிகிறது. தவறினால் திரும்பத் தையல் மெஷின்தான். முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

"டீச்சர், எனக்கு அடுத்த தடவைனு ஒண்ணு இல்ல. அத மட்டும் மனசுல வச்சுக்கங்க."

"எனக்கு மட்டும் இருக்கா?" என்றாளாம் அம்மா.

தையலக்கா கைகாரி. ஒயர் முனையை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல முறுக்கிவிடுவாள். ரப்பர் உறையைப் பல்லால் கடித்து உரிப்பாள். அதற்கு மட்டும் திட்டு விழும். "பல்ல வைக்காத. நீ என்ன செய்றியோ அத நாப்பது பிள்ளைங்க வீட்ல போய்ச் செய்யும்."

வாய்தான் அவளுக்குத் திறக்காது. கடையில் அளவு எடுக்கும்போது பேசாமலே பழகிவிட்டவள். 'பாத்துடலாம்' அவள் வாயில் தானாக வருவதற்கு மாதங்கள் ஆயின. அம்மா விடவில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் கேள்வி. தேநீர் குடிக்கும்போது கேள்வி. கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்றும் கேட்டிருக்கிறாள் என்று மற்ற பெண்கள் சொன்னார்கள். கடைசியில் வந்துவிட்டது. அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "தையல் கிழிஞ்சு சொல்லு வந்துடுச்சுடி" என்றாள்.

அதன் பிறகுதான் தேர்வுப் பாடம். உண்மையான பள்ளி, உண்மையான பிள்ளைகள், வெளியிலிருந்து வரும் ஒரு தேர்வாளர். பயிற்சி கொடுத்தவர் கடைசி பெஞ்சில் உட்காரலாம். வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் பாடம் அங்கேயே நின்றுபோகும், நடத்தியவள் தோற்றதாகக் கணக்கு. பயிற்றுநர்கள் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கிறார்கள் என்று முன்பு எப்போதோ புகார் வந்ததால் போட்ட விதி.

நான் அங்கே இருந்தேன். கனமான பெட்டியைத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதனால் விடுப்பு எடுத்துப் பெட்டியை நான் தூக்கிப் போனேன். கடைசி பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேர்வாளர் ஜன்னலோரம். ஒல்லியான மனிதர், கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், ஒரு பிள்ளையின் தோள் உயரத்தில், பிளக் பாயின்ட். மேலே சுழலாத மின்விசிறி.

பாடம் மின்சாரம். நாலு நாலு பேராகப் பிள்ளைகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டை, ஒரு பல்பு, இரண்டு ஒயர். பல்பை எரிய வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையலக்கா ஒதுங்கி நின்றாள். எப்படி என்று சொல்லவில்லை. சில நிமிடங்கள் ஒன்றும் எரியவில்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. பிறகு ஒரு மூலையில் ஒரு பல்பு எரிந்தது. கூச்சல். அடுத்தது. அடுத்தது. தையலக்கா குழு குழுவாகக் குனிந்து, "எப்படிச் செஞ்சீங்க? எனக்குக் காட்டுங்க" என்று கேட்டபடி போனாள். அவள் குரல் நடுங்கவே இல்லை. அம்மாவின் பிடி தளர்ந்தது.

ஜன்னலோரக் குழுவில் இடது கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண். ஒயர்களை அவளுக்கு மற்ற பிள்ளைகள்தான் முறுக்கிக் கொடுத்தார்கள். பல்பு எரிந்ததும் அவள் மற்றவர்களைப்போலக் கத்தவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"மிஸ், இது மஞ்சளா அழுது வடியுது. அந்தச் சுவத்து ஓட்டையில வச்சா பளிச்சுனு எரியுமா?"

தையலக்கா அடுத்த குழுவில் குனிந்திருந்தாள். தலையைத் திருப்பி, ஒரு மூச்சுகூட விடாமல், சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்துடலாம்."

பெண் பல்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நல்ல கையில் இரண்டு ஒயர்களும். முனைகள் உரித்தவை. செம்பு விரலில் பட்டுக்கொண்டிருந்தது. தேர்வாளர் அவளுக்கு வழிவிடக் காலை மடக்கிக்கொண்டார். அவருக்கும் புரியவில்லை. சுவிட்ச் கீழ்நோக்கி இருந்தது. போட்டிருக்கிறது.

தையலக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்தாள். வாய் திறந்தது.

"தொடாதே!"

அது அம்மாவின் குரல். அப்படி ஒரு குரலை நான் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பது பிள்ளைகளும் உறைந்துபோனார்கள். கட்டுப் போட்ட பெண்ணின் கையிலிருந்து பல்பு தரையில் விழுந்து உருண்டது. உடையவில்லை. அவள் அழவும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

தேர்வாளர் எழுந்து முதலில் சுவிட்சை அணைத்தார். பிறகு, "பாடம் நின்னுபோச்சும்மா" என்றார்.

தலைமையாசிரியையின் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். தையலக்கா வெளியே பெஞ்சில். கதவு திறந்திருந்தது. அவள் புடவை முந்தானையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருப்பது தெரிந்தது, தையல் பிரிந்த இடத்தைத் தேடுவதுபோல.

தேர்வாளர் கெட்டவர் இல்லை. ஒரு வழி திறந்துவிட்டார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. பிள்ளைக்கு நெசமாவே ஆபத்துன்னு கத்தினீங்கன்னா, பாடம் நடத்துனவங்க மேல தப்பு. அவங்க தோல்வி. இல்ல, ஒண்ணுமில்லாததுக்கு நீங்களா பதறிக் கத்திட்டீங்கன்னா, தப்பு உங்க மேல. அவங்களுக்கு இன்னொரு தடவ பாடம் குடுக்கலாம். எது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டாவதைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். வெளியே தையலக்காவின் நகம் நின்றுவிட்டது.

"ஆபத்துதாங்க" என்றாள் அம்மா. "இன்னொரு அடி வச்சிருந்தா அந்தப் பிள்ள இப்ப இல்ல."

தேர்வாளர் பேனாவை எடுத்தார்.

"இருங்க. இன்னும் முடிக்கல. அந்தப் பதில் அவங்களோடது இல்ல. என்னோடது."

"பின்னாலேருந்து எடுத்துக்குடுத்தீங்களா?"

"இன்னைக்கு இல்லீங்க. வருஷம் பூரா. கேள்வி வந்தா யோசிக்காம அத சொல்லுன்னு நான்தான் பழக்கினேன். யோசிச்சவங்கள நிக்க வச்சு அழ விட்டேன். ஆயிரம் கேள்வி கேட்டுப் பழக்கினேன். சுவத்து ஓட்டைய பத்தி ஒரு தடவகூடக் கேக்கல. எந்தக் கேள்விக்கு அத சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லியே குடுக்கல. அவங்க நான் சொன்னத அப்படியே செஞ்ச மாணவி. தோத்தது நான்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இத நான் எதுல சேக்கறது?" என்றார் பிறகு. நிஜமாகவே கேட்டார். "ரெண்டுல ஒண்ணுதாம்மா இருக்கு."

"மூணாவது ஒண்ணு சேத்துக்கங்க."

"எனக்கு மேல இருக்கறவங்க ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கற வரைக்கும் நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரல. எழுதிக்கங்க. ஆனா அவங்களுக்கு இன்னொரு பாடம் குடுங்க. இதே பிள்ளைங்க. நான் இல்லாம."

அப்படித்தான் முடிவானது. விசாரணை முடியும்வரை அம்மா எந்தப் பள்ளிக்கும் போகக்கூடாது. தையலக்காவுக்கு அடுத்த வாரம் மறுபாடம்.

வண்டியில் திரும்பும்போது அம்மா கேட்டாள்.

"அவ வாயத் தெறந்தா, பாத்தியா? நான் ஒரு நொடி பொறுத்திருந்தா அவளே தடுத்திருப்பா இல்ல?"

"தடுத்திருக்கலாம்."

"அப்ப பொறுத்திருக்கணுமோ?"

"கூடாதும்மா. வேர்த்த கை, வெறும் செம்பு. ஒரு நொடி ரொம்ப அதிகம்." நான் ஆம்பியர் கணக்கைச் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்ல அந்த மொழிதான் வரும்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தக் குட்டி கைய ஒளிச்சுக்கிட்டா, பாத்தியா?" என்றாள். 

அந்த வாரம் முழுவதும் தையலக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா மறுபடி எட்டு வயதுப் பிள்ளையானாள். இந்தத் தடவை கேள்விகள் மோசமானவை. மிஸ், கத்தரிக்கோல ஓட்டையில விட்டா என்னாகும்? மிஸ், பேட்டரியப் பிரிச்சு உள்ள இருக்கற கருப்ப நக்கிப் பாக்கட்டுமா? மிஸ், பல்ப வாயில போட்டுக்கிட்டா கன்னம் எரியுமா?

தையலக்கா இப்போது எல்லாவற்றுக்கும் பயந்தாள். இலை தண்ணீரில் மிதக்குமா என்று கேட்டால்கூட, "வேண்டாம், தொடாத" என்றாள்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "போச்சு. ஒரு பள்ளத்துலேருந்து தூக்கி இன்னொரு பள்ளத்துல தள்ளிட்டேன்."

"எனக்குக் கண்ண மூடினா அந்தச் செவுருதான் டீச்சர் வருது."

"எனக்கும்தான்."

இருவருக்கும் முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மறுபாடத்துக்கு முந்தின சாயங்காலம் அது. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தையலக்காதான் பேசினாள்.

"கடையில துணி கொண்டுவந்து குடுத்தா நான் உடனே கத்திரி வைக்கமாட்டேன் டீச்சர். முதல்ல ரெண்டு பக்கமும் திருப்பிப் பாப்பேன். எங்க நூல் இழுக்கும், எங்க சாயம் போகும்னு. அப்புறம்தான் வெட்டுவேன். இங்க மட்டும் நீங்க திருப்பிப் பாக்கவே விடலியே."

அம்மா அவளையே பார்த்தாள். "இத முன்னாடியே சொல்றதுக்கென்னடி?"

"நீங்க எங்க வாயத் தெறக்க விட்டீங்க? கக்கூஸ் வாசல்ல வந்துல்ல கேள்வி கேட்டீங்க."

அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு அவர்கள் புதிதாக ஒன்றைப் பழகினார்கள். கேள்வி வந்தால் முதலில் பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பது. கையில் இருப்பதை வாங்கிக்கொள்வது. பிறகு வாயைத் திறப்பது. பக்கத்தில் போக ஆகும் நேரம்தான் திருப்பிப் பார்க்கும் நேரம்.

மறுபாடத்தின்போது அம்மா பள்ளி வாசலுக்கு வெளியே என் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கச் சொன்னாள். உள்ளேயிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டால் முதுகு நிமிரும். கூச்சல் நின்றால் இன்னும் நிமிரும். மாத்திரை போட வேண்டிய வேளை தாண்டியது. போடச் சொன்னேன். "சும்மா இருடி, அங்க என்னமோ சத்தமே இல்ல" என்றாள்.

மணி அடித்தது. தையலக்கா வெளியே வந்தாள். ஓடவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பாஸ் டீச்சர்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவரே வாயால சொன்னாரு. ஆனா..."

"என்ன ஆனா?"

"அந்தக் கட்டுப் போட்ட பொண்ணு ஒயரத் தொடவே இல்ல. நான் பக்கத்துல போய் நின்னேன். என்ன வேணா கேளுன்னேன். தலைய மட்டும் ஆட்டுச்சு. பாடம் முடியற வரைக்கும் வாயே தெறக்கல."

அம்மா கதவைத் திறக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன். உள்ளே போனால் தையலக்காவின் பாடமும் போய்விடும். அவள் கதவை விட்டாள். வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். கட்டுப் போட்ட பெண் எங்கள் வண்டியைக் கடந்து போனாள். அம்மாவை அடையாளம் தெரிந்ததும் நடையை விரைவாக்கினாள்.

விசாரணை முடிய நாளாயிற்று. கடைசியில் அம்மாவைக் கண்டித்து, பள்ளிகளுக்குப் போக அனுமதியும் கொடுத்தார்கள். பிளக் பாயின்ட்டுக்கு மூடி போட்டாயிற்று என்றும் தகவல் வந்தது. அம்மா உடனே தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பைக் கேட்டு வாங்கினாள்.

"அந்தக் குட்டி கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி தெரியுமா?" என்றாள் என்னிடம். "கட்டையில இருக்கறதும் சுவத்துல இருக்கறதும் ஒண்ணுதானான்னு கேட்டிருக்கா. அதுக்கு நான் கத்தினேன். பதில் சொல்லணும்ல?"

"வாயால சொல்லிடலாமே. சுவத்துக்குள்ள இந்தக் கட்ட நூத்தம்பத வரிசையா நிக்க வச்ச மாதிரின்னு."

"வாயால சொன்னா நம்புமா? நீ நம்புவியா? பல்ப உடச்சுக் காட்டணும்."

அதற்காகத்தான் அந்த மேசை, அந்த வாளி. ஒரு கட்டைக்குப் பல்பு மஞ்சளாக எரியும். இரண்டுக்கு வெள்ளை. மூன்றுக்குக் கண் கூசும். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பல்பு போய்விடும். பழைய கட்டைகள் உள்ளுக்குள்ளேயே பாதியை விழுங்கிவிடும், பல்பு போகாமலும் இருக்கலாம் என்றேன். அதனால் வேலைக்குப் போறவன் குவியல் மட்டும்.

பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டிக் கட்டைகளை உள்ளே வரிசையாக அடைத்தோம். பல்பை ஒரு காலி ஜாம் பாட்டிலுக்குள் விட்டாள். கண்ணாடி தெறிக்குமே என்றாள். முன்பெல்லாம் அவள் இப்படி முன்கூட்டி யோசித்ததில்லை. ஐந்து வரை பல்பு தாங்கியது. ஜாம் பாட்டில் முழுக்க வெளிச்சம்.

"ஆறாவது" என்றாள்.

நீலமாக ஒரு மின்னல். பிறகு ஒன்றுமில்லை. பல்பின் உள்ளே கரும்புகை படிந்திருந்தது. அம்மா கை தட்டினாள்.

"உடைக்கறத அந்தக் குட்டியத்தான் செய்யச் சொல்லணும்" என்றாள். "ஆறாவத அவ கையால வைக்கட்டும். அப்புறம் அவளே சுவத்தப் பாப்பா. நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஆறு நல்ல கட்டைகள், மூன்று புதுப் பல்புகள், ஜாம் பாட்டில். எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து மேசை ஓரத்தில் வைத்தாள். பல்பு உடைக்கப் போவதைப் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கும்படி தலைமையாசிரியைக்கு மறுபடி போன் செய்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தபோது வீட்டில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தையலக்கா சமையலறையில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். தூரத்து ஊர் ஒன்றில் அவளுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் காட்டினாள். மதியத்துக்கு மேல் அம்மாவின் போன் அடித்தது. நான் எடுத்தேன். தலைமையாசிரியை. அவருக்குச் செய்தி போகவில்லை.

"டீச்சர், கெளம்பிட்டீங்களா? பிள்ளைங்கள உக்கார வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு, கைக்கட்டப் பிரிச்சாச்சு, இப்ப ரெண்டு கையும் நல்லாருக்கு, அது மட்டும் உக்கார மாட்டேங்குது. வாசல்லயே நிக்குது. பல்பு உடைக்கிற மிஸ் எப்ப வருவாங்கன்னு என் உயிர வாங்குது."

 "இன்னைக்கு வர முடியல" என்று மட்டும் சொன்னேன்.

பெட்டி இன்னும் மேசை ஓரத்தில் இருக்கிறது. நேற்று கட்டைகளை ஒவ்வொன்றாகப் பல்பில் வைத்துப் பார்த்தேன். மீட்டரை எடுக்கவில்லை. ஆறும் எரிகின்றன. நாலாவது மட்டும் கொஞ்சம் மங்கல்.